எண்ணும் வணிகமும் – 7: நான்கு மாதிரிகள் போதுமா?

சென்ற இதழில் புள்ளியியலாளர் கார்ல் பியர்சனின் லண்டன் ஆய்வுக்கூடத்தில் நின்றிருந்தோம். மனிதர்களின் உயரம், மண்டையோட்டின் அகலம், நண்டின் ஓடு என்று எதை எடுத்தாலும் நூற்றுக்கணக்கில், முடிந்தால் ஆயிரக்கணக்கில் அளந்து குவிப்பது அங்கே வழக்கம். அளவுகள் கூடக் கூடச் சராசரி உறுதிப்படும், பிழை சுருங்கும். அறிவை மட்டும் தேடுபவருக்கு இது நல்ல வழி. தொழில் நடத்துபவருக்கோ ஒவ்வொரு அளவும் ஒரு செலவு. சோதனைக்கு எடுத்த பொருள் விற்பனைக்கு ஆகாது, சோதிக்கிற ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும், முடிவு வரும்வரை வேலை காத்திருக்க வேண்டும். ‘நூறு மாதிரி எடுத்துப் பாருங்கள்’ என்று சொல்லும் ஆலோசகரிடம், ‘நாலு எடுத்தால் போதாதா?’ என்றுதான் மேலாளர் கேட்பார்.

இந்தக் கேள்வியை ஏளனம் செய்யாமல், அதற்கு விடை தர ஒரு கணிதத்தையே உண்டாக்கியவர் வில்லியம் சீலி காசெட். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. டப்ளினில் ஒரு பீர் ஆலையின் ஊழியர்.

அந்த ஆலை கின்னஸ். 1759-ல் ஆர்தர் கின்னஸ் டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட் பகுதியில், ஆண்டுக்கு 45 பவுன் வாடகையில் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்த இடத்தில் தொடங்கிய தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது அது உலகின் மிகப் பெரிய பீர் ஆலையாக வளர்ந்திருந்தது. 1886-லேயே பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டுவிட்டன. சிறிய ஆலையில் தலைமைக் கைவினைஞர் தானியத்தைக் கையில் அள்ளி, முகர்ந்து, கடித்துப் பார்த்து வாங்கிவிடலாம். இந்த அளவுக்குப் பெருகிய ஆலையில் அப்படி முடியாது. ஒரு பருவத்தின் கொள்முதலில் சிறு தவறு நேர்ந்தாலும் அது பல லட்சம் பீப்பாய்களில் எதிரொலிக்கும். எனவே 1890-களில் கின்னஸ் நிர்வாகம் துணிச்சலான ஒரு முடிவெடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அறிவியல் படித்துத் தேறிய இளைஞர்களைப் பீர் காய்ச்சும் வேலைக்கு எடுக்கத் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்த காசெட் 1899-ல் சேர்ந்தபோது அவருக்கு வயது 23.

அந்த இளைஞர்கள் முன் மலைபோல் கிடந்தன கேள்விகள். எந்த ரகப் பார்லி நல்லது? ஹாப்ஸ் பூவின் தரத்தை எப்படி அறிவது? எந்த மண், எந்த உரம், எந்த வெப்பநிலை? எதைச் சோதித்தாலும் இரண்டு, மூன்று, நான்கு அளவுகள்தான் கையில் கிடைத்தன. பார்லி ஆண்டுக்கு ஒருமுறைதான் விளையும்.

மால்ட்டை எடுத்துக்கொள்வோம். நாம் கேழ்வரகை முளைகட்டி உலர்த்துவதுபோல் பார்லியை முளைகட்டி உலர்த்தினால் கிடைப்பது மால்ட். அதிலிருந்து எவ்வளவு சர்க்கரைச் சத்து இறங்கும் என்பதே ஆலையின் அடிப்படைக் கணக்கு. கின்னஸ் எதிர்பார்த்த அளவு சுமார் 133 டிகிரி. கூடினால் பீரின் வீரியம் கூடும். 1880-க்குப் பிறகு பிரிட்டனில் பீர் வரி, காய்ச்சிய கரைசலின் அடர்த்தியைப் பொறுத்தே விதிக்கப்பட்டதால் வரியும் ஏறும். குறைந்தால் வழக்கமாகக் குடிப்பவர் ருசியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அரை டிகிரி முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை. ஆனால் ஒரே மால்ட்டை இரண்டு முறை சோதித்தால் இரண்டு விடைகள் வந்தன. எத்தனை முறை சோதித்துச் சராசரி எடுத்தால் அந்த அரை டிகிரிக்குள் இருக்கிறோம் என்று நம்பலாம்?

1904 நவம்பரில் ஆலையின் உள்சுற்றுக்காகக் காசெட் எழுதிய அறிக்கை இதற்கு விடை சொன்னது. வானியலாளர்கள் விண்மீன் அளவுகளுக்குப் பயன்படுத்திய பிழை விதியைப் பீர் ஆலைக்குப் பொருத்திக் காட்டும் அறிக்கை அது. இரண்டு முறை சோதித்தால், பிழை அரை டிகிரிக்குள் அடங்கும் வாய்ப்பு 4-க்கு 1, அதாவது நான்கு முறை அடங்கினால் ஒருமுறை தவறும். மூன்று முறை என்றால் 7-க்கு 1. நான்கு முறைக்கு 12-க்கு 1. ஐந்துக்கு 19-க்கு 1. ஆலைக்கு 10-க்கு 1 என்ற உறுதி போதும் என்று வைத்துக்கொண்டால், நான்கு சோதனைகள் போதும், ஐந்தாவது வீண்செலவு.

இந்தச் சிறு பட்டியலை மேலாண்மை மாணவர்கள் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும் என்பேன். ‘எது உண்மை?’ என்று காசெட் கேட்கவில்லை. ‘எவ்வளவு உறுதி தேவை, அதை வாங்க எவ்வளவு செலவாகும்?’ என்று கேட்கிறார். மறு ஆண்டு பியர்சனுக்கு எழுதிய கடிதத்திலும் இதையே சொன்னார்: எந்த அளவு நிகழ்தகவை முடிவானதாக ஏற்பது என்பது, அந்த முடிவின்படி நடந்தால் வரும் பண லாபத்தையும், புதிய முறையின் கூடுதல் செலவையும், ஒவ்வொரு சோதனைக்கும் ஆகும் செலவையும் ஒப்பிட்டுத் தீர்மானிக்க வேண்டியது. இது எழுதப்பட்டது 1905-ல். அப்போது ‘மிகைகாண் மட்டம்’ என்ற பாடநூல் தலைப்பே பிறந்திருக்கவில்லை.

அறிக்கையில் ஒரு ஓட்டை இருந்தது. அதை முதலில் கண்டவரும் காசெட்தான். பிழை விதியைப் பயன்படுத்த, சோதனைகள் எவ்வளவு சிதறும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். புள்ளியியலார் இந்தச் சிதறலைத் திட்ட விலக்கம் என்பார்கள். மால்ட் சோதனை நெடுங்காலம் நடந்த ஒன்று, பழைய பதிவுகள் இருந்தன, சிதறல் தெரியும். புதிதாக ஒரு ரகத்தையோ ஒரு முறையையோ சோதிக்கும்போது? கையில் இருக்கும் அதே நான்கு எண்களிலிருந்துதான் சராசரியையும் எடுக்க வேண்டும், சிதறலையும் எடுக்க வேண்டும். நான்கு எண்கள் தற்செயலாக நெருங்கி அமைந்துவிட்டால், நம் சோதனை மிகத் துல்லியமானது என்று ஏமாந்துபோவோம்.

1905 ஜூலையில், பியர்சன் கோடை விடுமுறைக்குத் தங்கியிருந்த ஈஸ்ட் இல்ஸ்லி என்ற கிராமத்துக்குக் காசெட் சைக்கிளில் போனார். அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த முறைகளில் பெரும்பாலானவற்றுக்கு அரைமணி நேரத்தில் வழிகாட்டிவிட்டார் பியர்சன். சிறு மாதிரிச் சிக்கலுக்கு மட்டும் அவரிடம் விடை இல்லை. அது ஒரு சிக்கலாகவே அவருக்குத் தோன்றவில்லை. நிர்வாகம் 1906-ல் காசெட்டை ஓராண்டு லண்டனுக்கு, பியர்சனின் கூடத்துக்கே அனுப்பியது. பீர் தயாரிக்கும் ஒரு நிறுவனம் தன் ஊழியரைப் புள்ளியியல் படிக்க அனுப்பி, ஓராண்டுச் சம்பளத்தையும் தந்தது என்பதை இங்கே குறித்துவைக்கத் தோன்றுகிறது.

அங்கிருந்து வந்த முதல் கட்டுரை ஈஸ்ட் பற்றியது. நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டைச் சரியான அளவில் சேர்க்க வேண்டும். குறைந்தால் நொதிப்பு பாதியில் நிற்கும், கூடினால் கசக்கும். ரத்த அணுக்களை எண்ணுவதற்காகச் செய்த, நுண்ணிய கட்டங்கள் வரைந்த கண்ணாடியில் ஒரு துளி விட்டு, நுண்ணோக்கியில் 400 கட்டங்களிலும் ஈஸ்ட் செல்களை எண்ணுவார்கள். கட்டத்துக்குக் கட்டம் எண்ணிக்கை எப்படி மாறும் என்பதைக் காசெட் 1907-ல் கணித்துக் காட்டினார். பாடநூலில் பாய்சான் பரவல் என்று படிக்கிறோமே, அதுதான். பாய்சான் முன்பே கண்டதை அவர் தன் வழியில் மீண்டும் வந்தடைந்திருந்தார்.

அடுத்த ஆண்டு, 1908 மார்ச்சில், பியர்சனின் ‘பயோமெட்ரிகா’ இதழில் வெளிவந்ததுதான் நாம் தேடிவந்த கட்டுரை. அதற்கு அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மெக்டொனெல் என்பவர் 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரலின் நீளத்தையும் தொகுத்து அதே இதழில் முன்பு வெளியிட்டிருந்தார். காசெட் அந்த எண்களை 3,000 அட்டைத் துண்டுகளில் எழுதினார். நன்றாகக் குலுக்கி, ஒவ்வொன்றாக உருவி, வந்த வரிசையில் ஒரு புத்தகத்தில் குறித்துக்கொண்டார். நான்கு நான்காகப் பிரித்தார்: 750 சிறு மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் சராசரி, சிதறல், உண்மையான சராசரியிலிருந்து அது எத்தனை சிதறல் தள்ளி விழுகிறது என்ற விகிதம், எல்லாம் கையால். உயரத்துக்கு ஒருமுறை, விரலுக்கு ஒருமுறை. இன்று கணினியில் ஒரு நொடியில் ஓடவிடும் பாவனைச் சோதனையை, அட்டைகளைக் கலைத்து, பென்சிலால் கூட்டிக் கழித்துச் செய்திருக்கிறார்.

இன்னொரு பக்கம் கணிதத்தால் ஒரு வளைவை ஊகித்திருந்தார். அதை முழுமையாக நிறுவ அவரால் முடியவில்லை. பொருத்தமான வளைவு இதுவாகத்தான் இருக்கும் என்று திறமையாக அனுமானித்தார். அட்டைகள் தந்த விகிதங்களை அந்த வளைவின் மேல் வைத்துப் பார்த்தபோது இரண்டும் பொருந்தின. மணி வடிவ இயல்நிலை வளைவைவிட அது நடுவில் சற்றுத் தாழ்ந்தும் ஓரங்களில் தடித்தும் இருந்தது. சிறு மாதிரியை நம்பினால் பெரிய பிழைகள் நாம் நினைப்பதைவிட அடிக்கடி வரும் என்பதுதான் அந்தத் தடித்த ஓரங்களின் பொருள். மாதிரி அளவு 4 முதல் 10 வரைக்கும் பட்டியல் போட்டுக் கொடுத்தார்.

இதனால் என்ன மாறுகிறது என்று ஒரு கணக்கில் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நான்கு மால்ட் சோதனைகள் 132.4, 133.1, 132.9, 133.6 என்று வந்தன. சராசரி 133. திட்ட விலக்கம் ஏறக்குறைய 0.50, நான்கின் வர்க்கமூலமான 2-ஆல் வகுத்தால் சராசரியின் பிழை 0.25. இருபதில் பத்தொன்பது முறை சரியாக இருக்க வேண்டுமானால், பழைய வழியில் 1.96-ஆல் பெருக்குவோம்: 0.49. அரை டிகிரிக்குள் அடங்கிவிட்டது, மால்ட்டை ஏற்கலாம் என்று கையெழுத்துப் போடுவார் மேலாளர். காசெட்டின் வழியில், நான்கு மாதிரிகளுக்குப் பெருக்க வேண்டிய எண் 1.96 அல்ல, 3.18. பிழை 0.79 ஆகிறது. அரை டிகிரிக்குள் இருக்கிறோம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பத்து மாதிரிகள் இருந்தால் பெருக்கும் எண் 2.26-ஆகக் குறைகிறது, முப்பதுக்கு 2.05. ‘முப்பதுக்குக் கீழே என்றால் டி-சோதனை, மேலே என்றால் இசட்-சோதனை’ என்று வகுப்பில் மனப்பாடம் செய்கிறோமே, அதற்குக் காரணம் இவ்வளவுதான். முப்பதைத் தாண்டினால் வேறுபாடு பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. முப்பது என்ற எண்ணுக்குத் தனி மகத்துவம் எதுவும் கிடையாது.

அதே கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டிய ஒரு சோதனை அமெரிக்காவின் கலாமசூவில் மனநல மருத்துவமனை ஒன்றில் நடந்தது. பத்து நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள், ஒவ்வொருவரும் இரண்டையும் எடுத்துக்கொண்டவர்கள். முதல் மருந்தால் சராசரியாக 0.75 மணி நேரமும் இரண்டாவதால் 2.33 மணி நேரமும் கூடுதல் தூக்கம். காசெட் இரு சராசரிகளையும் தனித்தனியே ஒப்பிடவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு மருந்துக்கும் இடையிலான வேறுபாட்டை எடுத்து, அந்தப் பத்து வேறுபாடுகளைச் சோதித்தார். இயல்பிலேயே நன்றாகத் தூங்குகிறவர், தூங்காதவர் என்ற பேதம் இதனால் கழிந்துபோகிறது. இரண்டாவது மருந்தே மேல் என்பதற்கு 666-க்கு 1 என்ற வாய்ப்பு வந்தது. வெறும் பத்துப் பேரிடமிருந்து! மாதிரியின் எண்ணிக்கையைக் கூட்ட வழியில்லாதபோது ஜோடி சேர்த்து ஒப்பிடு என்ற இந்த யோசனையை அவர் வாழ்நாள் முழுக்கக் கைவிடவில்லை.

கட்டுரையின் தலைப்பில் அவர் பெயர் இல்லை. ஊழியர்கள் ஆய்வுகளைச் சொந்தப் பெயரில் வெளியிட நிர்வாகம் அனுமதிக்கவில்லை. சிறு மாதிரிகளை எடைபோடும் வித்தை தங்களுக்கு ஒரு வியாபார அனுகூலம் என்பதை அது உணர்ந்திருந்தது. ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வந்தது கட்டுரை. பின்னாளில் ஆலையின் வேறு இருவர் ‘சோஃபிஸ்டர்’, ‘மத்தீட்டிஸ்’ என்ற பெயர்களில் எழுதினார்கள்.

புள்ளியியல் உலகம் கட்டுரையைக் கண்டுகொள்ளவில்லை. சிறு மாதிரியை நம்பிக் காரியம் செய்வது பீர் காய்ச்சுகிறவர்களின் கெட்ட பழக்கம் என்ற தொனியில் பியர்சனே பின்னர் எழுதினார். 1912-ல் கேம்பிரிட்ஜிலிருந்து, படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஓர் இளைஞர் காசெட்டுக்கு ஒரு நிரூபணத்தை அனுப்பினார். பல பரிமாண வெளியில் வடிவியல் கொண்டு காசெட்டின் வளைவை நிறுவும் நிரூபணம். தனக்குப் புரியவில்லை என்று காசெட் அதைப் பியர்சனுக்கு அனுப்பிவைத்தார். பியர்சனும் அக்கறை காட்டவில்லை. அந்த இளைஞர் ரொனால்ட் ஃபிஷர். 1920-களில் காசெட்டும் ஃபிஷரும் சேர்ந்து பட்டியலை மாற்றியமைத்தார்கள். பழைய விகிதம் ‘டி’ என்ற வடிவத்துக்கு வந்தது அப்போதுதான். 1925-ல் வெளிவந்த ஃபிஷரின் ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் நூல் அதை உலகெங்கும் கொண்டுபோனது.

அந்தப் பயணத்தில் ஒன்று தொலைந்தது. இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம், வசதியான எல்லை என்று ஃபிஷர் சொன்னது ஆய்வாளர்களுக்காக. மேலாண்மைப் பாடநூல்கள் அந்த எல்லையை அப்படியே எடுத்து, எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவுகோலாக்கிவிட்டன. பொட்டலத்தின் நிறத்தை மாற்றலாமா என்பதற்கும் 5 சதவீதம், மாத்திரையின் மூலப்பொருளை மாற்றலாமா என்பதற்கும் 5 சதவீதம். நிறத்தில் தவறினால் அச்சுக்கூலி போகும், மாத்திரையில் தவறினால் உயிர் போகும். காசெட்டுக்கு 10-க்கு 1 போதுமானதாக இருந்தது, அரை டிகிரி மால்ட்டின் விலை அவருக்குத் தெரிந்திருந்ததால். எக்செல்லில் ஒரு கட்டளை தட்டி வரும் 0.06-ஐப் பார்த்து ‘நிரூபணமாகவில்லை’ என்று நல்ல யோசனைகளைக் கிடப்பில் போடுவதும், 0.04-ஐப் பார்த்துப் பயனற்ற மாற்றத்துக்குப் பணம் ஒதுக்குவதும் இன்றும் நடக்கின்றன. டி-சோதனையை உண்டாக்கியவர் இரண்டையும் செய்திருக்க மாட்டார். லாபம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று முதலில் கேட்டிருப்பார்.

காசெட்டின் உழைப்பில் பெரும்பகுதி பார்லி வயல்களில் கழிந்தது. அயர்லாந்தின் வேளாண் துறையும் கின்னஸும் சேர்ந்து பல பண்ணைகளில் ரகங்களை ஒப்பிட்டன. ஹெர்பர்ட் ஹன்டர் உருவாக்கிய ‘ஸ்ப்ராட்-ஆர்ச்சர்’ என்ற ரகம் அந்த முயற்சியில் தேறி, அயர்லாந்திலும் பிரிட்டனிலும் நெடுங்காலம் பரவலாக விளைந்தது. ஒரே வயலில் ஒரு மூலை செழிப்பு, மறு மூலை வறட்சி என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். வார்மின்ஸ்டர் ஊர் பார்லி நிபுணர் பீவன் கையாண்ட முறையைக் காசெட் விரும்பினார்: விதைக்கும் கருவியின் பெட்டியை நடுவில் தடுத்து, ஒரு பாதியில் ஒரு ரகம், மறுபாதியில் மற்றது. கருவி நடந்த வழியெல்லாம் இரு ரகங்களும் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளாக முளைக்கும். கலாமசூ நோயாளிகளைப்போலவே இதிலும் ஜோடி.

ஃபிஷர் இதை ஏற்கவில்லை. எந்தப் பட்டையில் எந்த ரகம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்காவிட்டால் பிழையை நேர்மையாக மதிப்பிட முடியாது என்பது அவர் கட்சி. குலுக்கலில் ஒரே ரகம் நல்ல மண்ணில் குவிந்துவிட்டால் அந்த ஆண்டின் சோதனையே வீண், மண்ணின் போக்கு தெரிந்திருக்கும்போது அதைச் சமப்படுத்தி விதைப்பதே சிக்கனம் என்பது காசெட்டின் கட்சி. வாதத்தில் ஃபிஷர் வென்றார் என்றே பாடநூல்கள் சொல்லும். இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்றே எனக்குப் படுகிறது. நம் ஊர் வயலில் சோதனை போடுகிறவர்கள் முதலில் ஜோடி சேர்த்து, பிறகு ஜோடிக்குள் குலுக்குகிறார்கள். ஒருவரோடொருவர் கடைசிவரை பகைத்துக்கொண்ட பியர்சனுக்கும் ஃபிஷருக்கும் ஒரே சமயத்தில் நண்பராக இருந்த மனிதர், இந்தக் கருத்து வேறுபாட்டையும் கசப்பில்லாமல் நடத்தினார்.

அவருடைய முறை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஆலைக்கு வெளியே ஒரு சான்று உண்டு. 1930-ல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில், பள்ளியில் பால் கொடுத்தால் பிள்ளைகள் வளர்கிறார்களா என்று அறிய மாபெரும் சோதனை நடந்தது. 67 பள்ளிகள், 20,000 பிள்ளைகள். 5,000 பேருக்குத் தினமும் முக்கால் பைன்ட் பச்சைப் பால், 5,000 பேருக்குக் காய்ச்சிப் பதப்படுத்திய பால், மீதி 10,000 பேருக்கு ஒன்றுமில்லை. பிப்ரவரியிலும் ஜூனிலும் எடை, உயரம் பார்த்தார்கள். செலவு சுமார் 7,500 பவுன்.

மறு ஆண்டு பயோமெட்ரிகாவில் காசெட் அந்தச் சோதனையைப் பிரித்து வைத்தார். யாருக்குப் பால் என்பதைச் சீட்டாலோ அகரவரிசையாலோ முடிவு செய்திருந்தார்கள். ஆனால் ஒரு குழுவில் ஊட்டமான பிள்ளைகளோ நோஞ்சான் பிள்ளைகளோ அதிகம் என்று தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு விட்டிருந்தார்கள். எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை முன்னால் நிற்கும்போது எந்த ஆசிரியருக்குப் பாலை மறுக்க மனம் வரும்? ஏழைக் குழந்தைகள் பால் குழுவுக்கு நகர்ந்தார்கள். சோதனை தொடங்கும்போதே பால் இல்லாத குழுவினர் எடையில் சுமார் மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முந்தியிருந்தார்கள். இன்னொன்றும் சொன்னார்: பிள்ளைகளை உடுப்போடு நிறுத்தார்கள். பிப்ரவரியில் கனத்த குளிராடை, ஜூனில் மெல்லிய சட்டை. வசதியுள்ள பிள்ளைக்கு எடையில் குறையும் துணி அதிகம். ஏழைப் பிள்ளைக்குக் குறைய வேண்டிய கம்பளியே இல்லை. பச்சைப் பாலும் பதப்படுத்திய பாலும் வெவ்வேறு பள்ளிகளில் கொடுக்கப்பட்டதால் அவற்றை ஒப்பிடவும் வழியில்லை.

காசெட் முன்வைத்த மாற்று, ஒரே முகச்சாயல் கொண்ட இரட்டையர் ஐம்பது ஜோடி. நாணயத்தைச் சுண்டி ஒருவருக்கு ஒரு பால், மற்றவருக்கு மற்றது. இருபதாயிரம் பிள்ளைகள் தராத உறுதியை இந்த நூறு பேர் தருவார்கள், செலவோ அதில் மிகச் சிறு பங்கு என்றார். கவனித்தால், ஜோடிக்குள் யாருக்கு எது என்பதற்கு இங்கே அவரும் நாணயத்தைத்தான் சுண்டுகிறார்.

1935-ல் லண்டனின் பார்க் ராயலில் கின்னஸ் கட்டிய புதிய ஆலையின் பொறுப்பேற்று டப்ளினை விட்டுப் புறப்பட்டார். 1937 அக்டோபர் 16 அன்று 61-வது வயதில் காலமானார். சமப்படுத்திய விதைப்பா, குலுக்கல் விதைப்பா என்பது பற்றிய அவரது கடைசிக் கட்டுரை 1938-ல் வெளிவந்தது, அதே ‘ஸ்டூடண்ட்’ என்ற பெயரில்.

காசெட்டின் பட்டியல் ஒருமுறை எடுக்கும் முடிவுக்கானது: இந்த ரகமா, அந்த ரகமா? ஆலையில் பொருள் நாள்தோறும், மணிதோறும் வந்துகொண்டே இருக்கும்போது கேள்வி மாறுகிறது. இன்று காலை வந்த ஏற்ற இறக்கம் வழக்கமானதா, இயந்திரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டியதா? 1924 மே 16 அன்று அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் என்ற பொறியாளர் தன் மேலதிகாரிக்குச் சுருக்கமான ஒரு குறிப்பும் ஒரு வரைபடமும் அனுப்பினார். அடுத்த இதழில் அந்த வரைபடம்.

(தொடரும்)